டயாலிசிஸில் இருக்கும் அப்பாவின் சிறுநீரகத்தில் கட்டி: வேலை செய்யாத கிட்னிக்கு ஏன் ஆபரேஷன்?

முதலில் நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 56 வயது. எட்டு வருடமாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அம்மா தன் சிறுநீரகத்தில் ஒன்றைத் தர முன்வந்து, அதற்கான பரிசோதனைகள் நடக்கும்போது, அப்பாவின் சுருங்கிப்போன இடது சிறுநீரகத்தில் 3.2 செ.மீ. கட்டி இருப்பது ஸ்கேனில் தெரியவந்திருக்கிறது. லேப்ராஸ்கோபி முறையில், அதாவது சிறு துளைகள் வழியாக, அந்தச் சிறுநீரகத்தையே எடுத்துவிடலாம் என்கிறார் யூராலஜிஸ்ட். "ஏற்கனவே செத்துப்போன கிட்னிக்கு எதற்கு ஆபரேஷன்? டயாலிசிஸ் உடம்பு அதைத் தாங்குமா? ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன?" என்று கேட்டிருக்கிறீர்கள். நேராகக் கேட்கவில்லையே தவிர, இதனால் மாற்று அறுவை கைநழுவிப் போய்விடுமோ என்ற பயம்தான் உங்களை அதிகம் அலைக்கழிக்கிறது என்று உங்கள் எழுத்திலிருந்து புரிகிறது. அதையும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நான் யூராலஜி அறுவை மருத்துவன். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அறுவை செய்வது பல வருடமாக என் வேலையின் ஒரு பகுதி. ஆனால் உங்கள் அப்பாவின் சி.டி. படத்தை நான் பார்த்ததில்லை, அவருடைய இதயம் எப்படி இருக்கிறது என்பதும் தெரியாது. அதனால் இதை அவருக்கான சிகிச்சை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருடைய மருத்துவரிடம் உட்கார்ந்து பேசும்போது என்ன கேட்க வேண்டும், அவர் சொல்வதில் எது உறுதியானது, எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க இது உதவினால் போதும்.

செயலிழந்த சிறுநீரகம் சும்மா கிடப்பதில்லை. வடிகட்டும் வேலையை நிறுத்திய பிறகும் அதற்குள் ரத்தம் ஓடுகிறது, செல்கள் பிரிந்துகொண்டே இருக்கின்றன. வருடக்கணக்கில் டயாலிசிஸில் இருப்பவர்களின் சிறுநீரகங்களில், பிறவியில் இல்லாத நீர்க்கட்டிகள் புதிதாக முளைக்கின்றன. 1977-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த டன்னில் என்ற நோயியலாளரும் அவருடைய சகாக்களும், டயாலிசிஸில் இருந்து இறந்தவர்களின் சிறுநீரகங்களை ஆராய்ந்து இதை முதன்முதலில் தெளிவாக எழுதினார்கள். அந்த நீர்க்கட்டிகளுக்கு நடுவே திடமான கட்டிகளும் இருந்ததை அப்போதே கவனித்திருக்கிறார்கள். டயாலிசிஸ் காலம் நீள நீள இந்த மாற்றம் கூடிக்கொண்டே போகும். பத்து வருடம் தாண்டியவர்களில் பெரும்பான்மையோருக்கு ஏதோ ஓர் அளவில் இது இருக்கும். நீர்க்கட்டிகளில் பெரும்பாலானவை எந்தத் தொந்தரவும் தராது. சிலவற்றின் உட்சுவரில் வளரும் செல்கள்தான் புற்றுநோயாக மாறுகின்றன.

இதில் எண்கள் உண்டு, அவை நம்பத்தக்கவை. 1999-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு ஒன்று அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பதிவேடுகளிலிருந்து 8 லட்சத்துக்கும் மேற்பட்ட டயாலிசிஸ் நோயாளிகளைப் பின்தொடர்ந்தது. மொத்தப் புற்றுநோய் அபாயம் அவர்களுக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம்தான் அதிகம், ஏறக்குறைய 1.2 மடங்கு. ஆனால் சிறுநீரகப் புற்றுநோயை மட்டும் தனியாகப் பார்த்தபோது அது 3.6 மடங்காக இருந்தது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் 1.5 மடங்கு. ஆக, அப்பாவுக்கு வந்திருப்பது யாருக்கும் வராத அதிசய நோய் இல்லை. அவர் சாப்பிட்டதாலோ, நீங்கள் எதையோ கவனிக்காமல் விட்டதாலோ வந்ததும் இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம், வீட்டில் யாராவது ஒருவர் இந்தப் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன்.

"செத்துப்போன கிட்னி" என்ற எண்ணத்தில் இன்னொரு திருத்தமும் வேண்டும். அப்பாவுக்கு இன்னும் சிறுநீர் போகிறதா, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று அளந்து பார்த்திருக்கிறீர்களா? எட்டு வருடத்தில் பலருக்குச் சுத்தமாக நின்றிருக்கும். ஆனால் 200, 300 மில்லி போய்க்கொண்டிருந்தால் அது சாதாரண விஷயம் இல்லை. வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களை வைத்து கனடாவிலும் அமெரிக்காவிலும் நடந்த ஓர் ஆய்வை 2001-இல் மறுபடி அலசியபோது, நாளொன்றுக்கு 250 மில்லி சிறுநீர் கூடுதலாக இருப்பதற்கும் இறப்பு அபாயம் 36 சதவீதம் குறைவாக இருப்பதற்கும் தொடர்பு தெரிந்தது. ரத்த டயாலிசிஸுக்கு இந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் மிச்சமிருக்கும் சிறுநீர் உடம்பில் நீர் தேங்காமல் பார்த்துக்கொள்கிறது, பொட்டாசியத்தையும் கொஞ்சம் வெளியேற்றுகிறது. ஆகவே ஒரு சிறுநீரகத்தை எடுக்கும்போது இழப்பு எதுவும் இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது. சிறுநீர் முழுதாக நின்றுபோனவருக்கு மட்டும்தான் அந்த இழப்பு இல்லை. அளவைக் குறித்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி, இது புற்றுநோய்தானா? சி.டி. ஸ்கேனில் சாயம் செலுத்தியபோது கட்டி அதை உறிஞ்சி நிறம் கூடியதா என்பதுதான் இங்கே முதல் கேள்வி. திடமான கட்டி, சாயத்தில் நிறம் கூடுகிறது என்றால் பெரும்பாலும் புற்றுநோய் என்றே எடுத்துக்கொண்டு நடக்கிறோம். இதில் ஒரு சிக்கல் உண்டு. சுருங்கிய சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டமே குறைவு. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அதிகம் வரும் பாப்பில்லரி வகைக் கட்டிகள் இயல்பாகவே சாயத்தை மந்தமாகத்தான் உறிஞ்சும். அதனால் "நிறம் கூடவில்லை" என்ற வரியைப் பார்த்ததும் நிம்மதி அடைந்துவிட முடியாது. நீர்க்கட்டிகளைத் தரம்பிரிக்க உலகம் முழுதும் பயன்படும் பொஸ்னியாக் அட்டவணைகூட இயல்பான சிறுநீரகங்களைப் பார்த்து உருவாக்கப்பட்டதுதான்.

சாயமே ஊசி போடாமல் எடுத்த ஸ்கேன் என்றால், சாயத்தோடு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். "டயாலிசிஸ் பேஷன்டுக்கு சாயம் ஆகாது" என்ற பயத்தில் பல இடங்களில் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். சிறுநீர் நின்றுபோனவருக்குச் சி.டி.யின் அயோடின் சாயம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்ற கவலைக்கே இடமில்லை. சாயம் போட்ட கையோடு அவசரமாக டயாலிசிஸ் செய்யவும் வேண்டியதில்லை, வழக்கமான நாளில் செய்தால் போதும். எம்.ஆர்.ஐ. கதை வேறு. அதற்குப் போடும் கடோலினியம் சாயத்தால் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குத் தோலும் தசையும் இறுகும் கொடிய நோய் வருவது 2006-இல் வெளிச்சத்துக்கு வந்தது. அது பெரும்பாலும் பழைய வகைச் சாயங்களால் வந்தது. இப்போதைய புதிய வகைகளில் அந்த அபாயம் மிகவும் குறைவு. எந்தச் சாயம் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

ஊசியால் கட்டியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியைச் செய்து பார்க்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். இயல்பான சிறுநீரகம் உள்ளவருக்கு அது நல்ல வழி. கட்டி சாதுவானது என்று தெரிந்தால் சிறுநீரகம் பிழைக்கும். டயாலிசிஸில் இருப்பவருக்கு, அதிலும் சிறுநீர் நின்றுபோனவருக்கு, காப்பாற்ற வேண்டிய சிறுநீரகம் அங்கே இல்லை. ரத்தத் தட்டணுக்கள் யூரியாவால் சோம்பிப் போயிருப்பதால் ஊசி குத்தினால் கசிவும் அதிகம். ஆகையால் சாயத்தில் நிறம் கூடும் கட்டியை நாங்கள் பெரும்பாலும் பயாப்ஸி இல்லாமலே எடுத்துவிடுகிறோம். அறுவையைத் தாங்கவே மாட்டார் என்ற நிலையில் இருப்பவருக்கு மட்டும், கட்டியின் வகை தெரிந்தால் முடிவு மாறும் என்கிறபோது, பயாப்ஸிக்குப் பொருள் உண்டு.

எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தால் என்ன? நியாயமான கேள்வி. இங்கேதான் உறுதியானதும் ஐயமானதும் பின்னிக் கிடக்கின்றன. 4 செ.மீ.க்குக் குறைந்த கட்டிகளை எடுக்காமல் கண்காணித்த ஆய்வுகளில் அவை ஆண்டுக்குச் சராசரியாக 3 மில்லிமீட்டர் அளவில்தான் வளர்ந்தன, பரவியது மிகச் சிலருக்கு மட்டும். ஆனால் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறுநீரகம் வேலை செய்யும் முதியவர்களைப் பற்றியவை. டயாலிசிஸ் நோயாளிகளின் கட்டிகள் வேறு இனம். இவர்களுக்கே உரிய ஒரு வகைப் புற்றுநோயை டிக்கூவும் அவருடைய சக நோயியலாளர்களும் 2006-இல் அடையாளம் காட்டினார்கள்; மைக்ராஸ்கோப்பில் செல்களுக்கிடையே ஆக்ஸலேட் படிகங்கள் மின்னுவது அதன் தனி அடையாளம். 2016-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டிலும் அது இடம்பெற்றது. அதே சிறுநீரகங்களில் அவர்கள் கண்ட இன்னொரு வகை மிகவும் சாதுவானது. 2022 வகைப்பாட்டில் அதற்குப் புற்றுநோய் என்ற பெயரையே எடுத்துவிட்டார்கள். அப்பாவுக்கு இருப்பது இவற்றில் எது என்பதைக் கட்டியை வெளியே எடுத்துப் பார்க்கும்வரை ஸ்கேனைக் கொண்டு மட்டும் சொல்லிவிட முடியாது.

ஆறுதலான செய்தியும் உண்டு. பிரான்சில் பல மருத்துவமனைகள் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், சிறுநீரகம் செயலிழந்தவர்களின் கட்டிகள் மற்றவர்களுடையதைவிடச் சிறியவையாக, கடுமை குறைந்தவையாக, ஆரம்பக் கட்டத்தில் பிடிபட்டவையாக இருந்தன. புற்றுநோயால் இறந்தவர்களும் குறைவு. இதை நான் நம்புகிறேன், ஆனால் ஓர் எச்சரிக்கையோடு. டயாலிசிஸ் நோயாளிக்கு மற்றவர்களைவிட அடிக்கடி ஸ்கேன் நடக்கிறது. அதனால் கட்டி முன்கூட்டியே கண்ணில் படுகிறது. நல்ல முடிவுக்குக் காரணம் கட்டியின் சாதுத்தனமா, சீக்கிரம் கண்டுபிடித்ததா என்பதை அந்த வகை ஆய்வால் முழுதாகப் பிரிக்க முடியாது. மறுபக்கம், 1982 முதல் இத்தகைய புற்றுநோய்களைப் பல வருடம் தொடர்ந்து கணக்கெடுத்த ஜப்பானில், பத்து வருடத்துக்கு மேல் டயாலிசிஸில் இருந்தவர்களின் கட்டிகள் சில மிகக் கடுமையாக நடந்துகொண்டதை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். உங்கள் அப்பா எட்டாவது வருடத்தில் இருக்கிறார்.

டயாலிசிஸ் நோயாளிக்குப் பெரிய எதிரி பெரும்பாலும் புற்றுநோய் இல்லை, இதயம். அமெரிக்கப் பதிவேடுகளில் டயாலிசிஸ் தொடங்கியவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே ஐந்து வருடம் தாண்டுகிறார்கள். எண்பது வயதில், இதயம் பலவீனமாக, நடமாட்டமே குறைந்தவருக்கு 3 செ.மீ. கட்டி தெரிந்தால் அதைத் தொடாமல் விடுவதுதான் பெரும்பாலும் சரி. அமெரிக்க சிறுநீரகவியல் சங்கம் 2012-இலேயே, ஆயுள் எதிர்பார்ப்பு குறைந்த டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அறிகுறி இல்லாமல் வழக்கமாகப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டாம் என்று சொன்னதும் இதனால்தான். உங்கள் அப்பாவின் கணக்கு வேறு. வயது 56, எட்டு வருடம் தாக்குப்பிடித்திருக்கிறார், அம்மா சிறுநீரகம் தரக் காத்திருக்கிறார். அவருக்கு முன்னால் நீண்ட ஆயுள் இருக்கிறது என்று நம்பித்தானே மாற்று அறுவைக்கே போகிறீர்கள்? அந்த நம்பிக்கை சரியென்றால் கட்டியை எடுப்பதும் சரி. அதோடு, மாற்று அறுவைக்குப் பிறகு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளை வாழ்நாள் முழுதும் சாப்பிட வேண்டும். அந்த நிலையில் உடம்பில் புற்றுநோயை வைத்துக்கொண்டிருக்க எந்த மாற்று மையமும் சம்மதிக்காது.

அடுத்து லேப்ராஸ்கோபி. 1990 ஜூனில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரால்ஃப் கிளேமன் குழுவினர் உலகின் முதல் லேப்ராஸ்கோபிச் சிறுநீரக நீக்கத்தைச் செய்தார்கள். நோயாளி 85 வயது மூதாட்டி, கட்டி 3 செ.மீ., கிட்டத்தட்ட உங்கள் அப்பாவின் கட்டி அளவுதான். இந்தியாவுக்கும் இதில் பெருமைப்படத்தக்க பங்கு இருக்கிறது. வயிற்றுக்குள் போகாமல் முதுகுப்புறமாகவே சிறுநீரகத்தை அடைய இடம் உண்டாக்குவது எப்படி என்று உலகம் தடுமாறிக்கொண்டிருந்தபோது, மும்பையின் டாக்டர் கௌர் 1992-இல் அறுவைக் கையுறையின் விரலை ரப்பர்க் குழாயில் கட்டி, உள்ளே நுழைத்துக் காற்றடித்து அந்த இடத்தை விரித்துக் காட்டினார். அந்த முதுகுப்புற வழி டயாலிசிஸ் நோயாளிகளுக்கு, குறிப்பாக வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கு, மிகவும் உபயோகம். வயிற்று உறை கிழியாததால் அந்த டயாலிசிஸைச் சீக்கிரம் மறுபடி தொடங்கிவிடலாம்.

துளை வழி அறுவையில் வலி குறைவு, ரத்தப்போக்கு குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம் என்பது எல்லோரும் சொல்வது. உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை ரத்தப்போக்கு குறைவதற்கு இன்னொரு பெரிய பொருள் இருக்கிறது, இதைப் பலர் விளக்குவதில்லை. அடுத்தவர் ரத்தம் ஏற்றும் ஒவ்வொரு முறையும், அந்நியத் திசுக்களுக்கு எதிரான ஆன்டிபாடிகள் அவர் உடம்பில் உருவாக வாய்ப்புண்டு. அவை அதிகமானால் அம்மாவின் சிறுநீரகம் பொருந்தாமல் போகலாம். வெள்ளணு நீக்கிய ரத்தம் இந்த ஆபத்தைக் குறைத்தாலும் முழுதாக இல்லாமல் ஆக்காது. ஆகவே ரத்தம் ஏற்றாமல் அறுவையை முடிப்பது மாற்று அறுவைக்குக் காத்திருப்பவருக்கு வசதி சார்ந்த விஷயம் இல்லை, அவசியம். அறுவைக்குச் சில வாரம் முன்பே, ரத்தம் ஊறச் செய்யும் எரித்ரோபாய்ட்டின் ஊசியையும் இரும்புச்சத்தையும் சரிசெய்து ஹீமோகுளோபினை நல்ல நிலைக்குக் கொண்டுவரச் சொல்லி நெஃப்ராலஜிஸ்டிடம் கேளுங்கள்.

ரோபோ வேண்டுமா என்றும் யாராவது கேட்பார்கள். முழுச் சிறுநீரகத்தை எடுப்பதற்கு வேண்டாம். அமெரிக்காவில் 2003 முதல் 2015 வரை 23,000-க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்த ஓர் ஆய்வு 2017-இல் வந்தது. ரோபோ அறுவைக்கும் சாதாரண லேப்ராஸ்கோபிக்கும் பெரிய சிக்கல்களில் வேறுபாடு இல்லை. ரோபோவுக்கு நேரமும் செலவும்தான் அதிகம். அந்தப் பணத்தை மாற்று அறுவைக்குப் பிந்தைய மருந்துகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பு தாங்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். சுருங்கிய சிறுநீரகத்தை எடுப்பது அனுபவம் உள்ளவர் கையில் பொதுவாகக் கடினமான அறுவை இல்லை. என் அனுபவத்தில் டயாலிசிஸ் நோயாளிக்கு ஆபத்து அதிகம் இருப்பது அறுவைக்கு முன்னும் பின்னுமான இரண்டு நாட்களில். முந்தின நாள் டயாலிசிஸ் செய்துவிட வேண்டும், முடிந்தால் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து இல்லாமல். உலர் எடைக்கு, அதாவது தேங்கிய நீர் நீங்கிய பின் இருக்க வேண்டிய எடைக்கு, கீழே போகும்படி நீரை உறிஞ்சி எடுத்துவிடக் கூடாது. அப்படிச் செய்தால் மயக்க மருந்து கொடுத்ததும் ரத்த அழுத்தம் சரியும். காலையில் பொட்டாசியம் பார்த்த பிறகுதான் தியேட்டருக்குள் அழைத்துப்போக வேண்டும். வயிற்றை உப்ப வைக்கச் செலுத்தும் கார்பன் டை ஆக்ஸைடு ரத்தத்தில் கலந்து அமிலத்தன்மையைக் கூட்டும். அதைச் சரிக்கட்டச் சிறுநீரகம் இல்லாததால் முழுச் சுமையும் நுரையீரல் மேல் விழுகிறது, கூடவே பொட்டாசியமும் ஏறும். எனவே வாயுவின் அழுத்தத்தை முடிந்தவரை குறைவாக வைத்துக்கொள்ள வேண்டும், மயக்க மருத்துவர் டயாலிசிஸ் நோயாளிகளோடு பழகியவராக இருக்க வேண்டும்.

ஃபிஸ்டுலா கையைப் பற்றி, அதாவது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்துவைத்திருக்கும் கையைப் பற்றி, தனியாகச் சொல்ல வேண்டும். எடுக்கப்போவது இடது சிறுநீரகம் என்பதால் அப்பாவை வலது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைப்பார்கள். ஃபிஸ்டுலா வலது கையில் இருந்தால் அந்தக் கை அடியில் வரும். உடம்பின் பாரம் இரண்டு மணி நேரம் அதன் மேல் இறங்கினால் ஃபிஸ்டுலா அடைபடும், எட்டு வருடம் காப்பாற்றிய உயிர்நாடி ஒரே மதியத்தில் போய்விடும். அதனால் அக்குளுக்குக் கீழே உருளைத் தலையணை வைத்து, கையை முன்பக்கம் தள்ளி, பஞ்சு சுற்றித் தளர்வாக வைப்போம். படுக்க வைத்து முடித்ததும் ஃபிஸ்டுலாவில் கை வைத்து அந்தக் கிர்ரென்ற அதிர்வு இருக்கிறதா என்று பார்ப்போம். நடுவில் பார்ப்போம், முடித்த பின்னும் பார்ப்போம். அந்தக் கையில் பி.பி. பட்டையோ ஊசியோ கூடாது. வார்டுக்குத் திரும்பியதும் இரவு முழுவதும் சில மணிக்கொரு தடவை நீங்களே தொட்டுப் பாருங்கள். அதிர்வு நின்றால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள்.

அறுவைக்குப் பின்பு குளுக்கோஸ் பாட்டிலை மளமளவென்று ஏற்றிவிடக் கூடாது. எந்தத் திரவம் என்பதிலும் ஒரு பழைய நம்பிக்கை உண்டு: ரிங்கர் லாக்டேட்டில் பொட்டாசியம் இருப்பதால் வெறும் உப்பு நீர்தான் பாதுகாப்பு என்று. சிறுநீரக மாற்று அறுவை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து 2005-இல் செய்த பரிசோதனையில், பொட்டாசியமும் அமிலத்தன்மையும் அதிகம் ஏறியது உப்பு நீர்க் குழுவில்தான். வலிக்கு மார்ஃபின் வேண்டாம். அதன் கழிவு உடம்பில் தேங்கி மூச்சை மந்தப்படுத்தும். பாராசிட்டமாலும், தேவையானால் ஃபென்டனிலும் போதும். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசிகளில் இனாக்ஸபரின் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் இவர்களுக்குத் தேங்கிவிடும். அடுத்த ஓரிரு டயாலிசிஸும் ஹெப்பாரின் இல்லாமல் நடக்க வேண்டும், டயாலிசிஸ் டெக்னீஷியனிடம் நீங்களே ஒரு முறை நினைவுபடுத்துங்கள். சாப்பாடு குறைந்து உடம்பு இளைத்திருக்கும் என்பதால் பழைய உலர் எடையை வைத்துக்கொண்டு கணக்குப் போடக் கூடாது என்பதும் முக்கியம்.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்று கேட்டீர்கள். டயாலிசிஸ் நோயாளிகளை மட்டும் வைத்துத் திறந்த அறுவையையும் லேப்ராஸ்கோபியையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்ட பெரிய பரிசோதனைகள் இல்லை. இருப்பவை பழைய கோப்புகளைத் திரும்பிப் பார்த்து எழுதியவை. அவற்றில் சிக்கல்கள் சாதாரண நோயாளிகளைவிட அதிகம் என்றும், லேப்ராஸ்கோபி திறந்த அறுவையைவிட மேல் என்றும் தெரிகிறது. ஆனால் ஓரளவு திடமாக இருந்தவர்களுக்குத்தானே லேப்ராஸ்கோபியைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்ற ஐயம் அவற்றில் எப்போதும் உண்டு. மருந்துப் பரிசோதனைகளில் நிலைமை இன்னும் மோசம். சிறுநீரகப் புற்றுநோய்க்கான புதிய மருந்துகளைச் சோதித்த பெரிய ஆய்வுகள் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவுக்கு வரம்பு வைத்து டயாலிசிஸ் நோயாளிகளை வாசலிலேயே நிறுத்திவிட்டன. சிறுநீரகப் புற்றுநோய் அபாயம் மூன்று மடங்குக்கும் மேல் உள்ள ஒரு கூட்டத்தை அந்தப் புற்றுநோயின் ஆய்விலிருந்தே விலக்கிவைப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். நல்லவேளையாக, 4 செ.மீ.க்கு உட்பட்ட, பரவாத கட்டி என்றால் எடுத்த பிறகு மருந்தோ கீமோவோ தேவைப்படாது.

மாற்று அறுவைக்கு எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்? இந்தக் கேள்வியில் வழிகாட்டிகளே ஒத்துப்போவதில்லை. 2020-இல் வந்த, கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற சர்வதேச சிறுநீரக அமைப்பின் வழிகாட்டியின்படி தற்செயலாகத் தெரிந்த 3 செ.மீ.க்குக் குறைந்த கட்டிக்குக் காத்திருப்பே வேண்டாம், மற்ற ஆரம்பக் கட்டக் கட்டிகளுக்குக் குறைந்தது இரண்டு வருடம். அமெரிக்க மாற்று அறுவைச் சங்கத்தின் நிபுணர் கருத்தோ, சிறுநீரகத்துக்குள்ளேயே இருக்கும் 7 செ.மீ. வரையான கட்டி கடுமை குறைந்ததாக இருந்தால் காத்திருக்க வேண்டியதில்லை என்கிறது. கடுமை அதிகமானால் அளவைப் பொறுத்து ஒன்றிரண்டு வருடம் வரை. அப்பாவின் 3.2 செ.மீ. சரியாக இந்த இடைவெளியில் விழுகிறது. என் கருத்தைக் கேட்டால், இரண்டாவது நிலைப்பாட்டின் பக்கமே சாய்வேன். காத்திருக்கும் இரண்டு வருட டயாலிசிஸும் உயிருக்கு ஆபத்தானதுதான். அந்த ஆபத்தைத் தராசின் மறுதட்டில் வைக்காமல் காலக்கெடு சொல்வது சரியில்லை. ஆனால் முடிவெடுப்பது மாற்று மையத்தின் குழு. அவர்கள் முதலில் கேட்கப்போவது நோயியல் அறிக்கையை. அதில் கட்டியின் வகை, கடுமைத் தரம், அளவு, சுற்றியுள்ள கொழுப்புக்கோ ரத்தக்குழாய்க்கோ பரவியதா என்ற நான்கும் எழுதியிருக்க வேண்டும். சிறுநீரகத்தை உள்ளேயே துண்டாக்கி எடுத்தால் இவற்றைச் சரியாகப் பார்க்க முடியாது. பைக்குள் போட்டு முழுதாக எடுக்கச் சொல்லுங்கள், அதற்காக அடிவயிற்றில் சில அங்குலம் கீறல் போட வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.

ஒரு விஷயம் மட்டும் கேட்டுவைக்கிறேன். அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டதன் காரணம் சர்க்கரையா, ரத்த அழுத்தமா, அல்லது "தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறார்களா? முன்பு நெடுநாள் நாட்டு மருந்து சாப்பிட்டவரா? ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி ஆகிய செடிகளில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. அது சிறுநீரகத்தையும் கெடுக்கும், சிறுநீர்ப் பாதையின் உட்சுவரில் புற்றுநோயையும் உண்டாக்கும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கக் கொடுத்த மூலிகை மாத்திரையில் இதே குடும்பச் செடி கலந்து பல பெண்களின் சிறுநீரகம் செயலிழந்தது. அவர்களில் முன்னெச்சரிக்கையாகச் சிறுநீரகத்தை எடுத்துக்கொண்ட 39 பேரில் 18 பேருக்கு ஏற்கனவே புற்றுநோய் இருந்தது 2000-இல் வெளியானது. தைவானில் டயாலிசிஸ் நோயாளிகளிடையே இந்த வகைப் புற்றுநோய் மிக அதிகம். 2003-இல் அங்கே அந்த மூலிகைகளைத் தடைசெய்தார்கள். இதை ஏன் கேட்கிறேன் என்றால், அந்த வகைக் கட்டியானால் சிறுநீரகத்தோடு சிறுநீர்க் குழாயையும் சிறுநீர்ப்பை வரை சேர்த்து எடுக்க வேண்டும். அறுவையே மாறிவிடும். அப்பாவுக்கு எப்போதாவது சிறுநீரில் ரத்தம் போயிருந்தால், கொஞ்சமாக இருந்தாலும், அதை அறுவைக்கு முன்பே சொல்லுங்கள்.

வலது சிறுநீரகத்தையும் மறக்க வேண்டாம். இந்த நோயில் கட்டிகள் இரண்டு பக்கமும் வருவது சகஜம். முன்னெச்சரிக்கையாக இரண்டையும் ஒன்றாக எடுத்துவிடலாமா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. வலது பக்கம் சுத்தமாக இருந்து, அவருக்கு இன்னும் சிறுநீரும் போகிறது என்றால் நான் அதைத் தொட மாட்டேன். தொடாவிட்டால் வருடம் ஒரு முறையாவது ஸ்கேன் எடுக்க வேண்டும், மாற்று அறுவை முடிந்து புதுச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்யும்போதும்கூட. மாற்று அறுவைக்குப் பிறகு எல்லோர் கவனமும் புதுச் சிறுநீரகத்தின் மேலேயே போய்விடும், பழையதை யாரும் பார்ப்பதில்லை. இடுப்புப் பக்கம் திடீர் வலி, ரத்தச் சிறுநீர், எரித்ரோபாய்ட்டின் ஊசி குறைத்த பிறகும் காரணமில்லாமல் ஏறும் ஹீமோகுளோபின், இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த வருட ஸ்கேன் வரை காத்திருக்காமல் உடனே யூராலஜிஸ்டைப் பாருங்கள்.